சென்சாருக்கு வெளியே விழுந்தவர்

ஒருகாலத்தில் கோவில்பட்டியில் எஸ்தர் என்ற போட்டோகிராபரிடம் ஒரு பெரிய லென்ஸ் இருந்தது. ஃபுல் பிரேம் என்னும் பெரிய கேமராவுக்கென்று செய்யப்பட்ட லென்ஸ் அது. அதோடு வந்த கேமரா ஒரு கல்யாணத்தன்று மழைத்தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. லென்ஸ் மட்டும் பிழைத்தது. எஸ்தர் அதை எடுத்துத் துடைத்து, தன்னிடம் மிச்சமிருந்த சின்னக் கேமராவில் மாட்டினாள்.

சின்னக் கேமராவுக்குள் இருந்தது கிராப் சென்சார், அதாவது படம் பதியும் சின்னத் தகடு. பெரிய கேமராவின் சென்சாரில் பாதிகூட இருக்காது. லென்ஸ் அகலமாக அள்ளிக்கொண்டு வரும் காட்சியில் நடுத்துண்டு மட்டும் அதில் விழும். மற்றதெல்லாம் சுற்றியுள்ள கறுப்புச் சுவரில் விழுந்து அணைந்துபோகும்.

"நான் கொண்டு வர்றதுல பாதிக்கு மேல வீணாப் போகுது" என்று லென்ஸ் தினமும் முணுமுணுக்கும்.

"என் இடம் இவ்வளவுதான் அண்ணே" என்று கேமரா மெதுவாகச் சொல்லும். "ஆனா நடுவுல நீங்க தர்றது எவ்வளவு தெளிவா இருக்கு தெரியுமா? ஒரு துளியும் நான் சிந்தல."

லென்ஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது.

ஒரு ஆவணி முகூர்த்தத்தில் இந்துமதி என்ற பெண்ணின் கல்யாணம். கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தபோது, மண்டபத்தின் இடது ஓரத் தூண் பக்கம் ஒருவர் வந்து நிற்பதை லென்ஸ் பார்த்தது. சலவை மடிப்புக் கலையாத நீலச் சட்டை. தாடை இந்துமதியின் தாடையேதான். கையிலிருந்த அட்சதையை அவர் மேடையை நோக்கி வீசினார். அது பாதி தூரம்கூடப் போகாமல் நாற்காலிகளுக்கு நடுவே உதிர்ந்தது.

"தம்பி, அந்த ஆளைப் பிடி!" என்றது லென்ஸ்.

"எந்த ஆள் அண்ணே?"

"தூண் பக்கத்துல. அழுதுக்கிட்டே நிக்காரே!"

"எனக்கு மேடையோட ஓரம் வரைக்கும்தான் தெரியுது. அதுக்கு அங்கிட்டு எனக்கு ஒண்ணுமே இல்ல."

எஸ்தரின் கண்ணுக்கும் அந்த நடுத்துண்டுதான் தெரியும். லென்ஸால் தானாகத் திரும்ப முடியாது. அவள் ஏழெட்டுப் படம் எடுத்து முடிப்பதற்குள் அந்த மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பந்திப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் இந்துமதி புருஷனோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"அக்கா, எங்க அப்பா எங்களை விட்டுப்போயி பன்னெண்டு வருசமாச்சு. யாருக்கும் தெரியாம நான் அவருக்குப் பத்திரிகை அனுப்பினேன். தாலி கட்டும்போது வந்து நின்னாருன்னு சித்தி சொல்லுதாங்க. மாமாவோ அவன் வரவே இல்லைங்காரு. போட்டோல பாத்தா தெரிஞ்சிரும்லா?"

எஸ்தர் எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டரில் போட்டாள். தாலி கட்டிய நேரத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினாள். இந்துமதி மூச்சை அடக்கிக்கொண்டு ஓரங்களையே பார்த்தாள். நாதஸ்வரக்காரர் இருந்தார். குத்துவிளக்கு இருந்தது. அதற்கப்பால் படம் முடிந்துவிட்டது.

மேஜைமேல் கிடந்த லென்ஸ் பதறியது. அதன் பேச்சு மனிதர் காதில் விழாது. "தம்பி, நீயாவது காட்டேன்!"

"என்கிட்ட இல்லாததை நான் எப்படி அண்ணே காட்டுவேன்?" என்றது கேமரா. "அன்னிக்கு நீங்க கத்தும்போது என் உள்சுவர்ல ஏதோ வெளிச்சம் வந்து பட்டுச்சு. யாரோ வந்திருக்காங்கன்னு மட்டும் தெரிஞ்சுது. ஆனா அந்தச் சுவர்ல எதுவும் பதியாது. நீங்க பாத்தீங்கள்ல, நீங்க வச்சிருக்கலாமே?"

லென்ஸ் தனக்குள் தேடிப் பார்த்தது. கண்ணாடிக்கு அடுத்து கண்ணாடிதான் இருந்தது. எல்லாம் அதன் வழியாகப் போயிருந்தன, எதுவும் தங்கியிருக்கவில்லை. இத்தனை நாள் யாரைச் சின்னவன் என்று ஏசியதோ அவனிடமாவது நடுத்துண்டு இருந்தது.

"நல்லாப் பாத்துட்டேம்மா. இல்லை" என்றாள் எஸ்தர்.

இந்துமதி தலையை ஆட்டினாள். "வந்திருந்தா இன்னிக்கே சாத்தூர் போயி அவரைப் பாக்கலாம்னு இவுகளையும் கூட்டிட்டு வந்தேன்."

"சித்தி சொன்னாங்கள்ல, போய்ப் பாத்துட்டே வரலாமே?" என்றான் அவள் புருஷன்.

"வேண்டாம். பெத்த பொண்ணு கல்யாணத்துக்கு வராத மனுசனை எதுக்குப் போயிப் பாக்கணும்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மேஜைமேல் இருந்த லென்ஸ் வாசலைப் பார்த்தபடி கிடந்தது. எதிரே சாத்தூர் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.