செவ்வரித் தவளையின் ஏழு பாட்டுகள்

ஒரு காட்டில், மூன்று பக்கமும் பாறை சூழ்ந்த ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்தில் நாற்பது தவளைகள் சேர்ந்து ஓர் இசைக்குழு நடத்திவந்தன.

குழந்தைகளே, இசைக்குழு என்றதும் வீணையையும் புல்லாங்குழலையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். இது காதைக் கிழிக்கிற குழு. அவை பாட ஆரம்பித்தால் குளத்துத் தண்ணீர் அதிரும். மரத்துக் குரங்குகள் இரண்டு காதையும் பொத்திக்கொள்ளும், ஆனாலும் தலையை மட்டும் தாளத்துக்கு ஆட்டிக்கொண்டே இருக்கும்.

குழுவின் தலைவர் பெயர் பெருந்தொண்டை. அதற்குத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்று. "மழையே வா, மழையே வா" என்பதுதான் அது. மழை வந்து நனைத்துக்கொண்டிருக்கும்போதும் அதையேதான் பாடும்.

குழுவுக்குச் சட்டமும் ஒன்றே ஒன்று. பாட்டு ஆரம்பித்தால் முடியும் வரை சத்தம் நிற்கக் கூடாது. ஒரு தவளை மூச்சு வாங்கும்போது பக்கத்துத் தவளை பாடிக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்துத் தவளை மூச்சு வாங்கும்போது இது பாட வேண்டும். இதனால் அவற்றின் பாட்டில் எள்ளளவு இடைவெளிகூட இருக்காது.

"எதுக்குத் தலைவரே இந்தச் சட்டம்?" என்று யாராவது கேட்டால் பெருந்தொண்டை தொண்டையை உப்பிக்கொள்ளும்.

"சத்தம் நிக்காத வரைக்கும், யார் எங்க இருக்கோம்னு சாரைப்பாம்புக்குத் தெரியாது. இந்தச் சத்தம்தான் நமக்குக் கோட்டை. புரியுதா?"

எல்லாத் தவளைகளும் புரிந்ததாகத் தலையாட்டும்.

குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பாடும் தவளை ஒன்று இருந்தது. முதுகில் சிவப்பாக ஒரு கோடு ஓடியதால் அதற்குச் செவ்வரி என்று பெயர். செவ்வரியிடம் சொந்தமாக ஏழு பாட்டுகள் இருந்தன. சின்ன வயதில் தொலைந்துபோன வாலைப் பற்றி ஒன்று. பூச்சி அரித்த தாமரை இலையைப் பற்றி ஒன்று. கோடை முழுக்கச் சேற்றுக்குள் கண்ணை மூடிக் கிடந்ததைப் பற்றி ஒன்று. இப்படி ஏழு.

"தலைவரே, ஒரே ஒரு நாள் என் பாட்டைப் பாடலாமா?" என்று அது மூன்று முறை கேட்டுப் பார்த்தது.

"போன வாலைப் பத்தி யாரு கேப்பாங்க? மழையைப் பாடு, மழையை!" என்று மூன்று முறையும் பெருந்தொண்டை சிரித்தது.

ஒரு மாலை செவ்வரிக்கு ஒரு யோசனை தோன்றியது. பாட்டு ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரு சத்தமும் போடாமல் உட்கார்ந்திருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்ததும் பெருந்தொண்டை வந்து அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தது. "இன்னிக்கு நீ பிரமாதமாப் பாடினே, செவ்வரி!"

அடிபட்டிருந்தால்கூடச் செவ்வரிக்கு அவ்வளவு வலித்திருக்காது. மறுநாள் காலை அது நேராகத் தலைவரிடம் போயிற்று.

"நான் குழுவை விட்டுப் போறேன், தலைவரே. என் பாட்டை நானே பாடிக்கறேன்."

"தனியாவா?" பெருந்தொண்டைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ரெண்டே நாள்ல சாரை வயித்துக்குள்ள கச்சேரி வைக்கப் போறே!"

"வெச்சாலும் வெக்கறேன். அது என் பாட்டா இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் செவ்வரி தாவித் தாவிப் பாறைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அங்கே ஒரு புங்க மரத்தில் மலைமைனா ஒன்று தங்கியிருந்தது. எந்தப் பாட்டையும் ஒருமுறை கேட்டால் போதும், மைனாவுக்கு அப்படியே மனதில் பதிந்துவிடும். பிறகு காடு காடாகப் பறந்து போய் அதைப் பாடிக்காட்டும். நகரத்தில் இதற்கு ஆல்பம் என்று பெயர். காட்டில் இதற்கு மைனா என்றுதான் பெயர்.

"மைனாக்கா, என்கிட்ட ஏழு பாட்டு இருக்கு. எடுத்துட்டுப் போவீங்களா?"

மைனா அலகைக் கிளையில் தீட்டிக்கொண்டே சொன்னது. "அஞ்சு நாள் இங்க இருப்பேன். மலையில அத்தி பழுத்ததும் கிளம்பிடுவேன். அதுக்குள்ள ஏழையும் பாடி முடி. ஆறு பாடிட்டு, இதை மட்டும் கொண்டு போங்கன்னு கெஞ்சாதே. ஏழுன்னா ஏழு."

"சரிக்கா" என்றது செவ்வரி.

அன்றே முதல் பாட்டைப் பாட உட்கார்ந்தது. அப்போதுதான் அதற்கு ஒரு பயம் வந்தது. குழுவில் பாடும்போது மூச்சு வாங்கினால் பக்கத்துத் தவளை இட்டு நிரப்பிவிடும். இங்கே பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? மூச்சு வாங்கினால் பாட்டு நின்றுவிடுமே!

அதனால் மூச்சே வாங்காமல் பாடியது. நான்கு வரி பாடுவதற்குள் கண் பிதுங்கியது. ஐந்தாவது வரியில் "க்ளக்" என்று ஒரு சத்தத்தோடு மல்லாந்து விழுந்தது.

மைனா அப்படியே திருப்பிப் பாடியது. கடைசியில் அந்த "க்ளக்"கும் இருந்தது.

"ஐயோ அக்கா, அந்தக் 'க்ளக்'கை விட்டுடுங்களேன்!"

"கேட்டதைத்தான் பாடுவேன். திருத்தறது என் வேலை இல்லை. சரியா வேணும்னா மறுபடி பாடு."

மறுநாள் செவ்வரி அருவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. நான் மூச்சு வாங்கும்போது அருவி இரைந்து நிரப்பிவிடும் என்று அதற்கு நினைப்பு. மூச்சு முட்டாமல் ஆனந்தமாகப் பாடி முடித்தது. மைனா திருப்பிப் பாடிக்காட்டியது. "சோ..." என்ற இரைச்சல் மட்டும்தான் கேட்டது. வாலும் இல்லை, தாமரை இலையும் இல்லை.

இரண்டு நாள் இப்படியே போய்விட்டது. ஏழு பாட்டில் ஒன்றுகூடப் பதியவில்லை. வேறு யாராவது என்றால் குளத்துக்கே திரும்பியிருப்பார்கள். செவ்வரி மூன்றாம் நாள் காலை மொட்டைப் பாறை ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்தது.

"மூச்சு வாங்கித்தான் பாடப் போறேன், அக்கா. நிக்கிற இடத்துல நிக்கட்டும்."

அன்று இரண்டு பாட்டுகள் முடிந்தன. நான்காம் நாள் பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு முடிந்தன. ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஒரு சின்ன அமைதி. பாறைக்கு அந்தப் பக்கம், குளத்தில் இது கேட்டபோது பெருந்தொண்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"கேட்டீங்களா? பாட்டு முழுக்க ஓட்டை!"

செவ்வரிக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஐந்தாவது பாட்டை எடுத்தது. இரண்டாவது வரியைப் பாடி நிறுத்தி, மூச்சை உள்ளே இழுத்தது. அந்த அமைதியில் பின்னால் சருகு சரசரத்தது.

செவ்வரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தாவிவிட்டது. அது உட்கார்ந்திருந்த இடத்தில் சாரைப்பாம்பின் வாய் "டப்" என்று மூடியது. செவ்வரி ஒரு பாறை இடுக்குக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது.

சாரை போன பிறகு மைனா கீழே இறங்கிவந்தது. "இதோட விட்டுடு. நாளைக்குக் காலையில நான் ஒரு சுத்து பறந்துட்டு மலைக்குப் போயிடறேன். உயிர்தான் முக்கியம்."

செவ்வரி கேட்டது. "அக்கா, நான் இடைவெளி விடாமப் பாடியிருந்தா அந்தச் சரசரப்பு கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்காது."

"அப்போ நாளைக்கு வாங்க. இன்னும் மூணு பாட்டு இருக்கு."

ஐந்தாம் நாள் அதே மொட்டைப் பாறைக்குச் செவ்வரி போயிற்று. இந்த முறை அது மூச்சு வாங்கும் இடத்தில் கூச்சப்படவில்லை. வேண்டுமென்றே நிறுத்தி, காதைக் கூர்மையாக்கிக் கேட்டது. சாரை இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் செவ்வரி சரசரப்பைக் கேட்டு வேறு பாறைக்குத் தாவி, விட்ட வரிக்கு அடுத்த வரியை அங்கிருந்து பாடியது. மைனா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டது.

மாலைக்குள் ஏழு பாட்டுகளும் முடிந்தன. பசியோடு இருந்த சாரை, இது கதைக்கு ஆகாது என்று குளத்தின் பக்கம் ஊர்ந்து போயிற்று.

மைனாவும் மலைக்குக் கிளம்பியது. வழியில் குளத்தங்கரை நாவல் மரத்தில் இறங்கி, செவ்வரியின் ஐந்தாவது பாட்டை எடுத்துவிட்டது. கேட்டதை அப்படியே பாடுகிற மைனா அல்லவா? செவ்வரி தாவிய இடத்தில் அதுவும் கிளைக்குக் கிளை தாவியது.

கீழே குழு உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தது. பெருந்தொண்டை மேலே பார்த்தது. அதன் கண்ணில் குறும்பு மின்னியது.

"நிறுத்துங்க, எல்லாரும் நிறுத்துங்க! இது நம்ம செவ்வரியோட ஓட்டைப் பாட்டு. அந்த ஓட்டை வரும்போது எல்லாரும் சேர்ந்து சிரிக்கணும்!"

அந்தக் குளத்தில் முதல் முறையாகப் பாட்டின் நடுவில் சத்தம் நின்றது. தவளைகள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தன. மைனா ஒரு வரி பாடியது. நிறுத்தியது.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில், கோரைப்புல்லுக்குள், மிக அருகில், சரசரவென்று ஏதோ ஊர்ந்து வந்தது.

"சாரை! தாவுங்க!" என்று பெருந்தொண்டை அலறியது.

எல்லாத் தவளைகளும் ஒரே நேரத்தில் பாறைமேல் தாவின. சாரையின் வாயில் ஒரு தாமரை இலைதான் சிக்கியது. அது இலையைத் துப்பிவிட்டுப் புதருக்குள் மறைந்தது.

"எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பெருந்தொண்டை எண்ணியது. செவ்வரி போக முப்பத்தொன்பது இருக்க வேண்டும். முப்பத்தொன்றுதான் இருந்தன. மறுபடி எண்ணியது. முப்பத்தொன்றேதான்.

குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பாடும் எட்டுத் தவளைகளைக் காணவில்லை. எப்போதிருந்து காணோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"நேத்துகூடப் பாட்டு நல்லாத்தானே இருந்தது..." என்றது ஒரு தவளை.

மறுநாள் காலை பெருந்தொண்டை மொட்டைப் பாறைக்கு வந்தது. நடந்ததைச் சொல்லி அழுதது. செவ்வரியும் அழுதது. அந்த எட்டுப் பேரும் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர்கள்.

"திரும்பி வந்துடு, செவ்வரி. உன் பாட்டையே பாடலாம். தலைமையைக்கூட நீயே எடுத்துக்கோ."

"வேண்டாம் தலைவரே. என் இடம் இந்தப் பாறைதான். அடுத்த பாட்டு நம்ம எட்டுப் பேருக்காகப் பாடப் போறேன். அவங்க பேரைச் சொல்லுங்க."

பெருந்தொண்டை வாயைத் திறந்தது. ஐந்து பெயர்களைச் சொன்னது. ஆறாவது பெயர் அதற்கு நினைவுக்கு வரவில்லை.

"போய்க் கேட்டுட்டு வாங்க" என்றது செவ்வரி. "நான் காத்திருக்கேன்."

பெருந்தொண்டை குளத்துக்குத் திரும்பி, தவளை தவளையாகப் போய்க் கேட்டு, எட்டுப் பெயர்களையும் செவ்வரியிடம் வந்து சொன்னது. அன்று மாலை குழு பாடியபோது ஒவ்வொரு வரிக்கும் பிறகு நின்றது. அந்த அமைதியில் ஒவ்வொரு தவளையும் பக்கத்தில் இருப்பது யார் என்று திரும்பிப் பார்த்தது. பாறைக்கு அந்தப் பக்கம் செவ்வரி தன் எட்டாவது பாட்டை ஆரம்பித்தது. அதில் எட்டுப் பெயர்களும் இருந்தன.

நீதி: கூட்டத்துச் சத்தத்தில் ஒளிந்திருப்பது காவல் ஆகாது; தனித்து நின்று, நிறுத்திக் கேட்கத் துணிந்த குரல் தன்னையும் காக்கும், பிறரையும் காக்கும்.