நடு மடிப்பில் விழுந்த தெரு

அன்று அந்த வாடகைக் காரில் இருந்தவர்கள்: காரை ஓட்டிய குயிலி, பக்கத்தில் அட்லஸை மடியில் விரித்திருந்த அவள் அண்ணி தேவானை, பின்சீட்டை நிறைத்துக்கொண்டு அரண்மனை மந்திரவாதி இடும்பகேது. அந்த அட்லஸ் பேசும். அதையும் சேர்த்தால் நால்வர்.

ராஜாவின் ரதமும் மோட்டார் காரும் ஒரே தெருவில் ஓடிய காலத்துக் கதை இது, கேளுங்கள். வேழநகரில் தெருக்கள் பெருகிப் பெருகி, ராஜாவே தன் அரண்மனைக்கு வழி கேட்கும்படி ஆயிற்று. இடும்பகேது ஊரைப் பக்கம் பக்கமாக வரைந்து, கட்டம் போட்டு, ஓர் அட்லஸாகத் தைத்துக் கொடுத்தார். அதில் ஒரு மாயம் இருந்தது. புத்தகத்தில் கண்ணுக்குத் தெரியும் தெருதான் தரையிலும் இருக்கும்.

தைத்து முடித்த அன்றே எண்ணெய்க்காரத் தெரு காணாமல் போயிற்று. நல்லெண்ணெய் வாங்கப் போயிருந்த தேவானையின் கணவன் மாசிலாமணியும் தெருவோடு போய்விட்டான். அவன் குயிலிக்கு ஒரே அண்ணன். பெண்கள் இருவரும் மூன்று மாதம் அரண்மனை வாசலில் நின்றார்கள். கடைசியில் ராஜா அட்லஸை ஒரு பகலுக்கு மட்டும் இரவல் கொடுத்தார். காவலுக்கு வந்த இடும்பகேது, "எங்கே வேண்டுமானாலும் தேடுங்கள். அட்லஸின் முதுகு மட்டும் ஒடியக்கூடாது" என்றார்.

முதலில் குளக்கரை வழியாகப் போனார்கள். நாற்பதாம் பக்கத்தின் ஓரத்துக்கு வந்ததும் கார் ஒரு குலுங்கு குலுங்கி, எதிர்ப்பக்கத்துப் பஞ்சுச் சந்தையில் நின்றது. நடுவில் எதுவுமே இல்லை.

"முதுகு ஒடியக்கூடாது" என்றார் இடும்பகேது.

அடுத்து சந்தையிலிருந்து திரும்பி வந்தார்கள். தெற்கே போகும்போது அட்லஸைத் தலைகீழாகப் பிடித்தால்தான் தேவானைக்கு வழி பிடிபடும். அப்படியே பிடித்தாள். ஊரும் தலைகீழாயிற்று. சந்தையில் பஞ்செல்லாம் வானத்தை நோக்கிக் கொட்டியது.

"அண்ணி, நேராப் பிடிங்க."

"நேராப் பிடிச்சா எனக்கு வலது கை இடது கையாயிடுதே."

"முதுகு ஒடியக்கூடாது" என்றார் இடும்பகேது.

இவர் ஏன் இதையே சொல்கிறார்? குயிலி காரை நிறுத்தினாள். அட்லஸின் கடைசியில் தெருப் பெயர்கள் வரிசையாக இருந்தன. விரல் வைத்துத் தேடினாள். எண்ணெய்க்காரத் தெரு, பக்கம் நாற்பது, நாற்பத்தொன்று. பெயர் இருக்கிறது, தெரு எங்கே? அட்லஸையே கேட்டாள்.

அது தயங்கித் தயங்கிச் சொன்னது. தன்னை இறுக்கித் தைத்துவிட்டார்களாம். நடு மடிப்பில் ஏதோ எண்ணெய் வாடையாம். முழுக்க விரித்தால் முதுகு ஒடியும். மாயமும் போகும், பேச்சும் போகும்.

"தலை போகும்" என்று மிரட்டினார் இடும்பகேது. தன் தையல் பிசகை மூன்று மாதமாக மறைத்தவர் அவர்.

குயிலி அட்லஸைத் தடவிக் கொடுத்தாள். "உனக்குச் சம்மதமா?"

"ஒரு தெருவை விழுங்கிவிட்டு நான் என்ன வழி காட்டுவது, தாயே? காரை என் மேல் ஏற்று."

தேவானை இறங்கி அட்லஸை முடிந்த மட்டும் விரித்துப் பின்சக்கரத்தின் முன்னே வைத்தாள். குயிலி காரை நகர்த்தினாள். இடும்பகேதுவின் கனமும் சேர்ந்து அழுத்த, முதுகு படக்கென்று ஒடிந்தது. மடிப்புக்குள் மயிரிழையாகக் கிடந்த தெரு விரிந்தது. குளத்துக்கும் சந்தைக்கும் நடுவே செக்குகள் சுற்றின. தூக்குச் சட்டியோடு மாசிலாமணி வந்தான்.

"ஒரு நிமிஷம் பொறுக்காம ரெண்டு பேரும் தேடிக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றான். தேவானை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அட்லஸ் அதன் பிறகு பேசவில்லை. அன்று மாலை, மூன்று மாதமாக இருண்டு கிடந்த அரண்மனை விளக்குகளுக்கு எண்ணெய் வந்து சேர்ந்தது. ராஜா அட்லஸ் ஒடிந்த கோபத்தை மறந்து, புதுக் கார் ஒன்றைக் குயிலிக்கே கொடுத்தார்.

தெருவில் அடைபட்டிருந்தவர்களுக்கெல்லாம் உடனே வீட்டுக்குப் போகவேண்டும். அந்தப் புதுக் காரில் நான்கு பேர் ஏறினார்கள். மற்றவர்கள் அடுத்த நடைக்கு வரிசையில் நின்றார்கள். அட்லஸ் இல்லாமல் வீட்டுக்கு வழி தெரியாத இடும்பகேதுவும் கடைசியில் போய் நின்றுகொண்டார். அவரையும் சேர்த்து, மீதி பதினொரு பேர்.