மணிவிழாவுக்கு என்ன கொண்டு போறது

படுத்தாச்சா? காலை நீட்டு. என் கால் மேல போடாத கண்ணு, முட்டி வலிக்குது. இன்னைக்குச் சின்னக் கதைதான். அப்புச்சிக்குத் தொண்டை போயிருச்சு. நாப்பது வருஷம் ஆலைக் கேட்டுல நின்னு கத்தின தொண்டை, இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்? நீ "ம்" சொல்லிட்டே வரணும். நீ நிறுத்தினா நானும் நிறுத்திருவேன்.

"ராஜா கதையா அப்புச்சி?"

ராஜா கதை எங்கிட்ட இல்ல. அவங்களுக்குக் கதை சொல்ல வேற ஆளுக இருக்காங்க.

ஒரு ஊர்ல ஒரு பஞ்சாலை இருந்துச்சு. கடகட கடகடன்னு ராவும் பகலும் ஓடிட்டே இருக்கும். அதுல ராக்கியண்ணன்னு ஒரு ஆளு. சங்கத்துத் தலைவன். அவன் பொண்டாட்டி பழனாத்தா. அவங்களுக்கு ஒரே மக, மயிலாத்தா. மூணு பேருக்கும் அந்த ஆலையிலதான் வேலை.

"ம்."

அப்போ சம்பளம் பத்தலன்னு ஸ்ட்ரைக் வந்துச்சு. கடகட நின்னுருச்சு. எல்லாரும் கேட்டுக்கு வெளிய வந்து உக்காந்துட்டாங்க. பத்து நாளாச்சு, இருபது நாளாச்சு, நாப்பது நாளாச்சு. நாப்பதாவது நாள் பழனாத்தாவுக்கு வயித்துல கட்டி. உடனே ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாரு, கையில காசு இல்ல. அப்போ மயிலாத்தா என்ன பண்ணினா? யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. தலையில முக்காடு போட்டுக்கிட்டு, அப்பன் நின்ன கேட்டு வழியாவே, அப்பன் பாக்கப் பாக்க, வேலைக்கு உள்ள போயிட்டா.

"போனா என்ன?"

எல்லாரும் பசியோட வெளிய நிக்கறப்ப ஒருத்தி உள்ள போனா, நிக்கறவங்க வயித்துல மிதிச்ச மாதிரி கண்ணு.

"அவங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லையே."

அதான். அதுக்கு எந்த நோட்டீஸ்லயும் பதில் போடல.

அப்பறம் அம்மா பொழச்சுக்கிட்டா. ஸ்ட்ரைக் தோத்துப் போச்சு. ராக்கியண்ணன் சொன்னான், "இனி அவ கையால பச்சைத் தண்ணி வாங்கமாட்டேன்." சொன்னவன் சொன்னதுதான். மயிலாத்தா வேற ஊருக்குப் போயி ஒரு பனியன் கம்பெனியில சேந்துட்டா. ஏழு வருஷம் அப்பனும் மகளும் பேசல. ஏழு வருஷம்னா உன்னோட வயசு.

"ம்."

அப்பறம் ஒரு நாள் மத்தியானம் அம்மாகிட்டயிருந்து போன். "ஏண்டி, நாளைக்கு உங்கப்பனுக்கு அறுவது. சங்கத்து ஆபீஸ்ல மணிவிழா வெக்கறாங்க. உன்னைக் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டான். நான் கூப்பிடறேன், வா."

"நான் எதைக் குடுத்தாலும் அப்பா தூக்கி எறிவாரேம்மா."

"அவனுக்குக் குடுக்காத. இல்லாதவங்களுக்குக் குடு. எங்க ரெண்டு பேர்த்து பேர்ல குடுத்தேன்னு சொல்லு. அதை எறிய அவனுக்குக் கை வராது."

அவ ரெண்டு நாளாத் தூங்காம ஏத்துமதி வேலை பாத்துட்டு அப்பத்தான் வெளிய வந்தவ. கண்ணு ரெண்டும் மிளகாப்பழம். வீட்டுக்குப் போயி விழலாம்னு இருந்தவ, அப்படியே திரும்பி தடதடன்னு நடந்தா.

மொதல்ல ஒரு அனாதை ஆசிரமத்துக்குப் போனா. "நாளைக்குக் குழந்தைங்களுக்கு ஒரு வேளைச் சோறு போடணுங்க, எங்கப்பா அம்மா பேர்ல." மேனேஜர் பெரிய நோட்டைப் புரட்டினாரு, சரக் சரக். "நாளைக்கு மத்தியானம் ஒரு பொறந்தநாள், ராத்திரி ஒரு வருஷத் திதி. காலையில இட்லி மட்டும் காலியா இருக்கு. பேரைப் போர்டுல எழுதிருவோம்." சரி, அதாவது கெடைச்சுதேன்னு அவ நிமிர்ந்து பாத்தா. அங்க அன்னைக்கு யாரோ கல்யாண நாளுக்குச் சோறு. தட்டுல சோறு ஆவி பறக்குது. குழந்தைக எல்லாம் எந்திரிச்சு நின்னு, அந்தப் புருசன் பொண்டாட்டி பேரைச் சொல்லி வாழ்த்துப் பாட்டுப் பாடுதுக. ஒரு பாட்டு, ரெண்டு பாட்டு. போட்டோ சரியா விழலன்னு மறுபடி ஒரு பாட்டு. ஒரு பொடிப்பய ஒரு கையால கும்பிட்டுக்கிட்டு இன்னொரு கையால அப்பளத்தை உடைச்சு வாயில போட்டான், நொறுக். ஆயா அவன் மண்டையில ஒண்ணு வெச்சா, டொக்.

எங்கப்பன் பேரைச் சொல்லி ஒரு குழந்தை அடி வாங்கணுமான்னு நெனச்சா. வந்துட்டா.

"அப்பளத்துக்கா அடிச்சாங்க?"

அப்பளத்துக்கு இல்ல கண்ணு, போட்டோவுக்கு.

அப்பறம் ரெண்டாவதா ஒரு கோயில் மண்டபம். அங்க தூர ஊர்லயிருந்து நடந்து வர்ற சனங்க படுப்பாங்க. ஒரே இருட்டு. "ஒரு டியூப்லைட் போடறனுங்க"ன்னா. கமிட்டிக்காரருக்கு மொகமெல்லாம் பல்லு. "பேஷாப் போடும்மா. உபயம்னு பேரு எழுதணும். அப்பா பேரு, அம்மா பேரு, உன் பேரு, ஊரு, தெருவு, எல்லாம் எழுதித் தர்றோம்." அவ அண்ணாந்து பாத்தா. ஏற்கனவே ஏழு லைட்டு எரியுது. ஆனா ஒவ்வொண்ணுலயும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சிவப்புப் பெயிண்டுல பேரு. பேரனுக பேரு வரைக்கும். வெளிச்சம் எங்கிட்டுக் கூடி வரும்?

"பேரு இல்லாம மாட்டலாங்களா?"

"பேரு இல்லாம மாட்டினா யாரு குடுத்ததுன்னு எப்படிம்மா தெரியும்?"

"படுத்திருக்கறவங்களுக்குக் கண்ணு தெரியுமுங்க."

"நீ எந்தக் கட்சி?"ன்னு கேட்டாரு. அவளும் வந்துட்டா.

"ம்... அப்பறம்?"

அப்பறம் மூணாவது. ஆஸ்பத்திரி. ரத்தத்துல யாரும் பேரு எழுத முடியாதில்ல? அதுக்குப் போனா. நர்ஸம்மா விரல்ல சுருக்குனு குத்தி, ஒரு நீலத் தண்ணியில ஒரு சொட்டு விட்டா. ரத்தம் நல்லா இருந்தா அந்தச் சொட்டு முங்கணும். அது மேலயே மெதந்துக்கிட்டு நிக்குது. ரெண்டு பேரும் பாக்கறாங்க. முங்கவே இல்ல.

"என்ன வேலை பாக்கற?"

"பனியன் கம்பெனியில செக்கிங்குங்க."

"அதான பாத்தேன். நீ குடுக்க வந்தியா? உனக்கே ரெண்டு பாட்டில் ஏத்தணும். இந்தா, உக்காந்து இதைத் தின்னுட்டுப் போ"ன்னு ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் குடுத்தா.

மூணு எடம். தானம் பண்ணப் போனவ தானம் வாங்கிட்டு வந்தா. அவ உழைப்பெல்லாம் கம்பெனிக்காரன் கப்பல் ஏத்திட்டான். மிச்சம் ஒரு சொட்டு, அதுவும் முங்கல.

பொழுது சாயற நேரத்துக்குப் பஸ் ஏறினா. அப்பன் ஊருக்குக் கிட்டத்துல எறங்கி வேற பஸ் மாறணும். எறங்கின எடத்துல இன்னொரு ஆலை. கேட்டு சாத்தியிருக்கு. முன்னால தென்னங்கீத்துப் பந்தல், செவப்புக் கொடி. முந்நூறு பொம்பளைக ஸ்ட்ரைக்ல உக்காந்திருக்காங்க. பந்தல் ஓரத்துல அண்டா, கொதகொதன்னு கஞ்சி. கஞ்சித்தொட்டிம்பாங்க அதுக்கு. சம்பளம் இல்லாத நாள்ல வீடு வீடா அரிசி வாங்கி, ஒரே அண்டாவுல காய்ச்சி எல்லாரும் குடிக்கறது.

கரண்டியோட நின்னவ பேரு துளசிமணி. மயிலாத்தாவைப் பாத்து டம்ளரை நீட்டினா. "இந்தா, குடி."

"வேண்டாங்க்கா."

"எங்க கேட்டுக்கு வந்தவங்க குடிக்காமப் போகக் கூடாது. குடிச்சா எங்க பக்கம். குடிக்காமப் போனா மொதலாளி பக்கம். கலெக்டரே வந்தாலும் அதான் சட்டம்."

மயிலாத்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "நான் ஒரு ஸ்ட்ரைக்ல உள்ள போனவக்கா."

துளசிமணி அவளை மேலயும் கீழயும் பாத்தா. "அதைப் பத்தி ஒக்காந்து பேச எனக்கு நேரமில்ல. காலையில அரிசி களைய வேண்டியவளுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. குடிச்சிட்டுப் படு. விடியக்காலம் எழுப்புவேன்."

அவளும் குடிச்சா. அங்கயே சுருண்டுட்டா.

"மணிவிழா?"

இரு. விடியக்காலம் எந்திரிச்சு அரிசி களைஞ்சா, சளசள சளசள. அடுப்பு மூட்டினா. மொத பஸ் போச்சு. முந்நூறு வயிறு காத்திருக்கு, எப்படி விட்டுட்டு ஏறுவா? ரெண்டாவது பஸ்ஸும் போச்சு. வரிசை ஆரம்பிச்சுருச்சு. கரண்டி அவ கையில.

அப்போ அந்த வழியா ஒரு ஆட்டோ. உள்ள மாலையும் கழுத்துமா ராக்கியண்ணன், பக்கத்துல பட்டுச்சேலையில பழனாத்தா. சங்கத்து ஆபீஸுக்கு அந்த ரோட்டுலதான் போகணும். கொடியைப் பாத்தான் கெழவன். "நிறுத்து"ன்னான். எந்தக் கேட்டுல கொடியைப் பாத்தாலும் எறங்காமப் போனதில்ல அவன். மாலையோடயே எறங்கினான். பொம்பளைக கை தட்டினாங்க. துளசிமணி ஓடி வந்து அவன் கையில ஒரு டம்ளரைக் குடுத்து வரிசையில விட்டா. அவனும் நகர்ந்து நகர்ந்து வந்து, அண்டாவுக்கு முன்னால நிமிர்ந்தான்.

கரண்டியோட மக.

"ம்."

அவ கையால பச்சைத் தண்ணி வாங்கமாட்டேன்னு சொன்னவன். ஸ்ட்ரைக் கஞ்சியை வேண்டாம்னு ஒரு நாளும் சொல்லாதவன். ரெண்டும் அவன்தான். அப்படியே நிக்கறான். பின்னால முந்நூறு பேரு. யாரோ ஒருத்தி, "என்ன பெருசு, ஆறிப் போகுது"ங்கறா. மயிலாத்தா கரண்டியில கஞ்சியை மொண்டு புடிச்சுக்கிட்டு நிக்கறா. பழனாத்தா பின்னால நிக்கறா.

அப்பறம் டம்ளர் நீண்டுச்சு. அவ ஊத்தினா. அவன் அங்கயே நின்னு குடிச்சான், மடக் மடக்.

"உப்புப் பத்தல"ன்னான்.

ஏழு வருஷத்துல மொத வார்த்தை.

"போடறேன்ப்பா."

போயிட்டான். பழனாத்தா மககிட்ட வந்து மெதுவா, "என்னடி கொண்டு வந்த?"ன்னா. "ஒண்ணும் கொண்டு வரலம்மா"ன்னா அவ. அம்மா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு உப்புச் சட்டியை எடுத்தா. "பேசிட்டு நிக்காத. அடிப் பிடிக்குது, கிண்டு."

அப்போ பாத்தா, கெழவன் வரிசைக் கடைசியில போயி மறுபடி நிக்கறான். வந்தான், நீட்டினான், குடிச்சான். மூணாவது தடவையும் வந்து நின்னான். துளசிமணி சிரிச்சுட்டா. "தலைவரே, மத்தவங்களுக்கும் வேணுமில்ல?"

"அரை டம்ளர் போதும்"னான். மகளைப் பாத்துத்தான் சொன்னான்.

"மன்னிச்சுட்டாரா அப்புச்சி?"

அது தெரியல கண்ணு. அவன் மன்னிக்கணுமா, அவ மன்னிக்கணுமான்னே தெரியல. அங்க சங்கத்து ஆபீஸ்ல மைக்கைக் கட்டிட்டு ஒரு கூட்டமே காத்திருந்துச்சு. இங்க அவன் அரை டம்ளருக்கு வரிசையில நின்னுட்டிருந்தான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண்ணு?

...சரி. "ம்" நின்னுருச்சு. கதை கரைஞ்சுது, கஞ்சி தீந்துது. தூங்கு சாமி, அப்புச்சியும் முதுகைச் சாய்க்கறேன்.