அரசனுக்குப் புரையேறிய நாள்

பிலவ ஆண்டு, ஐப்பசித் திங்கள் பதினொன்றாம் நாள், வியாழக்கிழமை. விடியல் முதல் விடாத தூறல். நெடுங்காலத்துக்கு முன் மருதவாய் நாட்டை ஆண்ட கொற்றவேலன் என்னும் அரசன் அன்று காலை உணவுக்கு அமர்ந்தான். அவன் உண்ணும்போது அவைப்புலவர் கோதண்டர் புகழ் பாடுவார், ஒவ்வோர் அடிக்கும் அரசன் "நன்று!" என்பான். அஃது அவ்வரண்மனையின் வழக்கம்.

அன்று வாய் நிறையப் புட்டோடு, "நன்று! பாட்டைவிடப் புட்டு நன்று!" என்றான். மறுகணமே புரையேறியது. கண்கள் பிதுங்கின, முகம் சிவந்தது.

இருமல் அடங்கியதும், பொறாமையால் வெந்துகொண்டிருந்த கோதண்டர் முந்திக்கொண்டார். "பெருமானே, யாரேனும் நினைத்தால்தானே புரையேறும்? புட்டவித்த சடையம்மாள்தான் தங்களைத் தீய எண்ணத்தோடு நினைத்திருக்கிறாள்!"

"அப்படியா? பொழுது சாய்வதற்குள் அவள் நாட்டைவிட்டு வெளியேறட்டும்!"

சடையம்மாள் அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். இருபது ஆண்டுகளாக அவள் ஊதி எரித்த அடுப்பு அது. இனி எந்த ஊரில் எந்த அடுப்பு? "சாமி, மாவுக்கு உப்புப் போட்டேனா என்றுதான் நினைத்தேன். மகாராசாவை நினைக்க எனக்கு நேரமேது?" என்று அழுதாள்.

அமைச்சர் வெண்காடர் எழுந்தார். "சோதித்துப் பார்ப்போம், அரசே. புலவரே, ஒரு பிடி புட்டைப் பேசாமல் மென்று விழுங்கும். அவையோரே, அனைவரும் புலவரைத் தீமையாக நினையுங்கள்!"

"அதற்குத் தனி முயற்சி வேண்டியதில்லை" என்றார் படைத்தலைவர்.

புலவர் விழுங்கினார். ஒரு செருமல்கூட இல்லை.

"இப்போது எல்லாரும் கோயில் யானையை நினையுங்கள். புலவரே, விழுங்கிக்கொண்டே அரசரைப் புகழும்!"

"கொற்ற—" என்பதற்குள் புட்டுத்தூள் பறந்தது. புலவர் தூணைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"யானையை நினைத்தால் இவருக்கு ஏன் புரையேறுகிறது?" என்று வியந்தான் அரசன்.

"தொண்டையில் இரண்டு வழிகள் உள்ளன, அரசே. முன்வழி மூச்சுக்கு, பின்வழி உணவுக்கு. விழுங்கும்போது குரல்வளை மேலெழும். ஒரு சிறு மூடி கவிந்து மூச்சுவழியைக் காக்கும். உணவுக்குழாய் கவளத்தை நெருக்கி நெருக்கி இரைப்பைக்குத் தள்ளும். இரைப்பை அதைக் கடைந்து கூழாக்கிச் சிறுகுடலுக்கு அனுப்பும். பேசவேண்டுமானால் மூச்சுவழி திறக்கவேண்டும். திறந்த வழியில் புட்டு நுழைந்தது, சடையம்மாள் நுழையவில்லை."

அரசன் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தான். "பிறந்த நாள் முதல் ஒவ்வொரு கவளத்துக்கும் இந்தச் சிறு மூடி என் உயிரைக் காத்து வந்திருக்கிறது. ஒருநாளும் பாட்டுக் கேட்கவில்லை" என்றான். பிறகு தன் கணையாழியைக் கழற்றிச் சடையம்மாளிடம் நீட்டினான். "பொறுத்துக்கொள், அம்மா."

அதன்பின் அரண்மனையில் உண்ணும்போது எவரும் பாடவில்லை. கோதண்டர் உணவு முடிந்து, கை கழுவிய பிறகே பாடினார், கேட்போர் குறைந்தனர். அரசன் முதல் கவளத்துக்கு முன் தொண்டையை ஒருமுறை தொட்டுக்கொள்வான். சடையம்மாள் மேலும் பதினான்கு ஆண்டுகள் அதே அடுப்பில் சமைத்தாள். வியாழன்தோறும் வெண்காடர் வீட்டுக்குப் புட்டு அனுப்பினாள். அவர் முழுவதையும் விழுங்கிய பிறகே "நன்று" என்பார்.