குழிக்குள் நரியும் கரடியும்

காட்டோரத்தில் ஒரு நரி காடையைத் துரத்திக்கொண்டு ஓடியது. கண் காடையின் மேலேயே இருந்ததால் தரையைக் கவனிக்கவில்லை. வேடர்கள் குழி வெட்டி, மூங்கில் கழிகளும் இலைதழையும் போட்டு மூடியிருந்தார்கள். கழிகள் முறிந்தன. நரி உள்ளே விழுந்தது. காடை பறந்துவிட்டது.

நரி எம்பி எம்பிக் குதித்தது. பாதி உயரம்கூட எட்டவில்லை. மூச்சு வாங்கி ஒரு மூலையில் உட்கார்ந்தது.

சற்று நேரத்தில் மீதிக் கழிகளும் மடமடவென்று முறிந்தன. வேடர்கள் இரையாக மேலே வைத்திருந்த பலாப்பழத்தோடு ஒரு கரடி வந்து விழுந்தது!

"ஐயோ, என் இடுப்பு!" என்று அலறிய கரடி, நரியைப் பார்த்ததும் பல்லைக் கடித்தது. "டேய் நரி! இது உன் வேலைதானே?"

நரி சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஓட இடமில்லை. குரலை மட்டும் நடுங்கவிடாமல் பார்த்துக்கொண்டது.

"என் வேலையென்றால் மேலே நின்று வேடிக்கை பார்த்திருப்பேன் அண்ணே! உங்களுக்கு முன்னாடியே விழுந்து இடம் பிடித்து வைப்பேனா?"

கரடிக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. சுவரில் தாவியது, சறுக்கி விழுந்தது. மறுபடி தாவியது, மறுபடி விழுந்தது. ஆத்திரம் பொங்க, சுவரை நகத்தால் பிறாண்டித் தள்ளியது. மண் பொலபொலவென்று கொட்டியது.

அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது.

"மழை விட்டதும் வேடர்கள் வருவார்கள். விடாவிட்டால் தண்ணீர் நிரம்பும். எப்படியும் சாவுதான்!" என்று கரடி புலம்பியது.

நரி கரடியின் காலடியைப் பார்த்தது. சரிந்த மண்மேல் நின்ற கரடி, முன்னைவிட உயரமாகத் தெரிந்தது.

"அண்ணே, அதே சுவரை இன்னும் பிறாண்டுங்கள்!"

"கேலி பண்ணுகிறாயா?"

"இல்லை! மண் விழ விழ நான் மிதித்து இறுக்குகிறேன். தரை உயரும். நாமும் உயர்வோம்!"

கரடி நரியை முறைத்தது. "உன்னை நம்பலாமா? என் முதுகில் ஏறித் தப்பித்துப் போகலாம் என்றுதானே நினைத்தாய்?"

"நினைத்தேன்," என்றது நரி. "அப்படியும் எட்டாது என்று தெரிந்துகொண்டேன்."

கரடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிச் சுவரைத் தோண்டத் தொடங்கியது.

மழையில் மண் சேறானது. நரி, முறிந்த மூங்கில்களையும் தழைகளையும் சேற்றுக்குள் போட்டு மிதித்தது. கரடி சோர்ந்தபோது, "கொஞ்சம் உட்காருங்கள் அண்ணே. பலம் முழுவதையும் இப்போதே தீர்த்துவிடாதீர்கள்," என்றது. இருவரும் பலாச்சுளையைத் தின்று மறுபடி வேலையில் இறங்கினார்கள்.

மேடு வளர்ந்தது. கரடி நிமிர்ந்து நின்றால் விளிம்பு கைக்கு எட்டியது. நரிக்கு எட்டவில்லை. அது விளிம்பையே பார்த்தபடி நின்றது. கரடி ஏறிப் போய்விட்டால் தன் கதை முடிந்தது என்று அதற்குத் தெரியும்.

"ஏன் மரம் மாதிரி நிற்கிறாய்? முதுகில் ஏறு! நான் முதலில் ஏறினால் கரை சரிந்து உன்னை மூடிவிடும்," என்றது கரடி.

நரி ஏறித் தாவி வெளியே குதித்தது. பின்னால் கரை இடிந்தது. கரடி சேற்றோடு சறுக்கிக் கீழே போனது.

தூரத்தில் வேட்டை நாய்கள் குரைத்தன. நரியின் கால்கள் ஓடத் துடித்தன. ஆனால் அது குழியைச் சுற்றி வந்து, மண்ணை முகர்ந்து, கால் வைத்து அழுத்திப் பார்த்தது.

"இந்தப் பக்கம் வாருங்கள் அண்ணே! இங்கே பாறை இருக்கிறது, இடியாது! அவசரப்படாமல் நகத்தை நன்றாக ஊன்றுங்கள்!"

கரடி, நரியின் குரல் வந்த திசையில் மண்ணைக் கூட்டி மிதித்தது. பாறையை இறுகப் பற்றியது. முக்கி முனகி மேலே வந்து விழுந்தது.

நாய்கள் நெருங்கும்போது குழியில் சேறும் பலாக்கொட்டைகளும்தான் கிடந்தன. நரி ஒரு பக்கமும் கரடி ஒரு பக்கமுமாகக் காட்டுக்குள் மறைந்திருந்தன.

ஆபத்து வரும்போது பதறாமல் யோசித்து, கூட இருப்பவரை நம்பிச் சேர்ந்து உழைப்பவரே உயிர் பிழைப்பார்.