அரண்மனை அருவியும் ஒரு கை சாம்பலும்

முன்னொரு காலத்தில், வானத்தைப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலித்துப்போன ஒரு தேசம் இருந்தது. மூன்று வருஷமாக மழை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தலைநகருக்கு மிஞ்சியது ஒரே ஒரு குளம். அந்தத் தேசத்து ராஜா விசயபூபதி நல்லவர்தான். ஆனால் அடுத்தவனிடம் ஒன்று இருந்தால் தனக்கு இரண்டு வேண்டும் என்பார். அண்டை நாட்டுக்கு விருந்துக்குப் போனவர், விருந்தை மறந்துவிட்டு அங்கே பார்த்த கழிப்பறையையே நினைத்துக்கொண்டு திரும்பினார். பளிங்குத் தரை, சங்கிலியை இழுத்தால் அருவியாய்க் கொட்டும் தண்ணீர்! அந்த நாட்டில் ஆறு ஓடுகிறது, அதனால் அருவி கொட்டுகிறது என்று எடுத்துச் சொல்ல சபையில் ஒருவருக்கும் நா எழவில்லை.

சொல்லியிருக்க வேண்டியவர் மந்திரி அனந்தமூர்த்தி. அவரோ ராஜா தும்மினால் தனக்கு ஜலதோஷம் என்று படுத்துக்கொள்கிற ரகம். "ஓர் அருவி போதுமா பிரபு? இரண்டாக வைத்துவிடுவோம்!" என்றார். வைத்தும் விட்டார்கள். ராஜா காலையில் உள்ளே போய் வந்தால் குளத்தில் தண்ணீர் ஒரு படி இறங்கியது.

சபை விகடகவி பொன்னுரங்கத்துக்கு முதலில் இது சிரிப்பாகத்தான் இருந்தது. ஒருநாள் அவன் மனைவி செங்கமலம் காலிக் குடத்தை அவன் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"குளத்தங்கரையில சேவகன் ஈட்டிய குறுக்க நீட்டி வெரட்டுறான். ராசா வெளிக்குப் போவணுமாம், நாங்க குடிக்கக் கூடாதாம்! கைப்புள்ளக்காரி ஒருத்தி வெறுங்கொடத்தோட அழுதுக்கிட்டே போறா. நீங்க சபையில என்னத்தச் சொல்லிச் சிரிக்க வெக்கிறீங்க?"

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. மறுநாள் சபையில் எழுந்து நின்றான்.

"மகாராஜா, தண்ணீர் ஊற்றாமல், நாற்றமும் இல்லாமல் ஒரு கழிப்பறை கட்டித் தருகிறேன். அருவியை நிறுத்த ஆணையிட வேண்டும்."

அவன் பரிசு வாங்கும்போதெல்லாம் வயிறெரிந்த மந்திரிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"கட்டட்டும் பிரபு. அது நிறைந்து ஓர் ஆண்டு கழித்து, உள்ளே இருப்பதை இவனே சபைக்குக் கொண்டுவரட்டும். தாங்கள் மூக்கைப் பொத்தினால், இவன் ஆயுள் முழுக்கத் தங்கள் அருவிக்குத் தண்ணீர் சுமக்கட்டும்."

"நல்ல வேடிக்கை!" என்றார் ராஜா. "நான் பொத்தாவிட்டால் அருவியை நிரந்தரமாக மூடிவிடுகிறேன். அதுவரை நிறுத்தி வைக்கிறேன்."

"அதுவரை சபையோர் எல்லோரும் என் கழிப்பறைக்கே வர வேண்டும் பிரபு. காலியாகக் கிடந்தால் நான் எதைக் கொண்டுவருவேன்?" என்றான் பொன்னுரங்கம்.

அரண்மனைக் கொல்லையில் தரைக்கு மேலே உயரமாய் ஒரு மேடை எழுந்தது. அதற்குள் இரண்டு அறைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளை. சிறுநீருக்குத் தனி வாய்க்கால். கால் கழுவத் தள்ளி ஓர் இடம், அதற்கு ஒரு செம்புத் தண்ணீர். இரண்டும் ஓடி வாழைக்குப் போயின. காரியம் முடிந்ததும் துளைக்குள் ஒரு கை அடுப்புச் சாம்பலைப் போட்டு மூட வேண்டும், அவ்வளவுதான். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனவர்கள், ஈ இல்லை, நாற்றம் இல்லை என்று கண்டு சும்மா இருந்துவிட்டார்கள். அரண்மனைச் சாப்பாடு அல்லவா, முதல் அறை சீக்கிரமே நிறைந்தது. அதை அடைத்துப் பூசி, மந்திரியே தன் மோதிரத்தால் முத்திரை வைத்தார். பிறகு எல்லோரும் அடுத்த அறைக்கு மாறினார்கள்.

பொன்னுரங்கத்துக்கும் உள்ளூர உதறல்தான். தோற்றால் அருவி திரும்ப வந்துவிடும். தெருவில் மறுபடி வெறுங்குடம்தான். அடிக்கடி போய் அந்தச் சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பான். செங்கமலம் தலையில் அடித்துக்கொள்வாள். "அவனவன் பூவ மோந்து பாப்பான். எனக்கு வாச்சதப் பாரு!"

தவணை நாளும் வந்தது. மந்திரி வந்து முத்திரையை உடைத்தார். உடைத்த கையோடு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டம் பிடித்தார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, கெட்டது அங்கேதான்.

சபையில் ஆளுக்கொரு வாசனைத் துணி. வாயைத் துணியால் இறுகக் கட்டிய ஒரு பெரிய அண்டாவை நான்கு பேர் தூக்கி வந்து இறக்கினார்கள். பின்னாலேயே பொன்னுரங்கம் ஒரு வெள்ளித் தட்டோடு வந்தான்.

"அண்டாவை அப்புறம் திறக்கலாம் பிரபு. முதலில் இதைக் கொஞ்சம் பாருங்கள்."

தட்டில் கறுப்பாய், பொலபொலவென்று மண். ராஜா ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அவர் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன.

"முதல் மழை விழுந்த மண்வாசனை!" என்றார். "பொன்னுரங்கம், நம் நாட்டில் எங்கேயாவது மழை பெய்ததா?"

ராஜா உருகும்போது மந்திரி பின்தங்கலாமா? "மழை மண்ணா? புண்ணியத் தலத்து மண் பிரபு! இந்த மகிமையை அடியேன் அறிவேன்!" என்று ஒரு பிடி அள்ளினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். பிறகு அண்டாப் பக்கம் திரும்பி மூக்கைப் பொத்திக்கொண்டார். "ம்ம், இந்தக் காணிக்கை போதும். அதைத் திற!"

பொன்னுரங்கம் கட்டை அவிழ்த்தான். சபை முழுக்க மூக்கைப் பொத்தியது. ராஜா மட்டும் எட்டிப் பார்த்தார். அண்டா நிறையத் தெளிந்த தண்ணீர்.

"அருவி நின்றதால் குளத்தில் மிஞ்சிய தண்ணீர் இது மகாராஜா. என் மனைவி செங்கமலமும் எங்கள் தெருப் பெண்களும் இப்போது வெறுங்குடத்தோடு திரும்புவதில்லை."

"மோசடி!" என்று குதித்தார் மந்திரி. "உள்ளே இருந்ததை அல்லவா கொண்டுவரச் சொன்னோம்? அது எங்கே?"

"கொண்டுவந்துவிட்டேனே மந்திரியாரே. பாதி தட்டில் இருக்கிறது. மீதி தங்கள் நெற்றியில் இருக்கிறது."

ராஜா தன் விரல் நுனியைப் பார்த்தார், மந்திரியின் நெற்றியைப் பார்த்தார். அவ்வளவுதான், சிரித்தாரே ஒரு சிரிப்பு! கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. அதை எடுக்கவும் முடியாமல் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பொன்னுரங்கத்துக்குப் போட்டார்.

"நான் மூக்கைப் பொத்தவில்லை, தோற்றது என் அருவிதான். இன்றே மூடுங்கள்! தெருவுக்குத் தெரு இதேபோல் கட்டுங்கள்!"

மந்திரிக்கோ ஒன்றும் காதில் விழவில்லை. "தண்ணீர்! தண்ணீர்!" என்று அலறிக்கொண்டு அண்டாவை நோக்கிப் பாய்ந்தார்.

"அதைத் தொடாதீர்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினார் ராஜா. "அது செங்கமலத்தின் தெருவுக்கு. யாரங்கே! மந்திரியாருக்கு ஒரு கை சாம்பல் கொடுங்கள்!"