இருபதாவது ஆளுக்கு ஒரு பெஞ்சு

கருக்காய்ப்பட்டிக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்லிச் சிரிக்கும் கதைகளில் பாதி பொய். மீதிப் பாதி, நடந்ததைக் குறைத்துச் சொல்வது. நான் அந்த ஊரில் பெண் எடுத்தவன். எனக்கு முழுசாகவே தெரியும். மாமனார் வீட்டுக்குப் போய்வர வேண்டியவன் என்பதால் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

எந்த வழக்கு வந்தாலும் நடுவில் முடிப்பது அந்த ஊர் வழக்கம். கீழத்தெரு திருவிழாவைப் பங்குனியில் வைக்கச் சொன்னது, மேலத்தெரு ஆடியில் வைக்கச் சொன்னது. வைகாசியில் வைத்தார்கள். இரண்டு தெருவும் கோபித்துக்கொண்டு வரவில்லை. மேளக்காரர்கள் மட்டும் ஊரைச் சுற்றிவிட்டுப் போனார்கள். பஸ் நிறுத்தம் வடக்கே வேண்டும் என்று ஒரு கூட்டம், தெற்கே வேண்டும் என்று ஒரு கூட்டம். இரண்டுக்கும் சரிபாதி தூரத்தில் கட்டினார்கள். அது கண்மாய்க்குள் இருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றியதும் அங்கே போய் நிற்கலாம், பஸ்தான் வராது.

அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரே ஓர் அறையில் ஒரு பள்ளிக்கூடம். ஒரே டீச்சர், ஜெசிந்தா. பதின்மூன்று பிள்ளைகள் படித்தார்கள். அவர்களோடு, எழுத்துக் கற்றுக்கொள்ள வந்த பெரியவர்கள் ஆறு பேரும் அதே அறையில் பின்னால் உட்கார்ந்து அ, ஆ எழுதினார்கள். எல்லாரிலும் சின்னவள் ஐந்து வயதுப் பூவிழி. மூத்தவர் எழுபத்தொரு வயது சோணையா. ஆடு மேய்த்து ஓய்ந்தவர், பஸ்ஸின் பெயர்ப் பலகையை யாரையும் கேட்காமல் படித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

காலாண்டு விடுமுறைக்கு முதல் நாள் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இருபது பேருக்குக் குறைந்த பள்ளிகளை நாலுவழிச் சாலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். ஆனால் எல்லா வயதினரும் படிக்கும் இடமாக அறையை மாற்றி அமைத்தால் பெரியவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்களாம். விடுமுறை முடியும் திங்கட்கிழமை அலுவலர் நேரில் வந்து பார்ப்பார்.

டீச்சர் பள்ளிக் குழுவைக் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டினார்.

"பெரியவங்களச் சேத்தாலும் பத்தொம்பதுதான் வருது. இன்னும் ஒரு ஆள் வேணும். அறையையும் கொஞ்சம் சரி பண்ணணும். நாலுவழி ரோட்டத் தாண்டிப் பூவிழி மாதிரி பிள்ளைங்க போக முடியாதுங்க. சோணையா ஐயாவும் போகமாட்டாரு. இந்த அறைய மூடினா இவங்க படிப்பு இதோட நின்னுரும்" என்றார். அந்தப் பத்தொன்பது பேர் மேலும் அவருக்கு அவ்வளவு பிரியம்.

"நீங்க கவலைய விடுங்க டீச்சர், நாங்க இருக்கோம்" என்றார் குழுத் தலைவர் உடையப்பன். டீச்சர் கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். ஆனால் அவரைப் பத்து நாள் பயிற்சிக்கு வெளியூர் அழைத்திருந்தார்கள். மாணவர் மனம் கவரும் வகுப்பறையை அமைப்பது எப்படி என்பது பயிற்சி. சாவியை உடையப்பனிடம் கொடுத்துவிட்டு அவர் பஸ் ஏறினார்.

குழுவில் நான்கு பேர். தலைவர் உடையப்பன், தச்சு வேலை வெள்ளைக்கண்ணு, தையல்காரி தங்கப்பூ, முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற மச்சக்காளை. நால்வரும் கடிதத்தை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

அறையை மாற்றுவது பற்றிய முதல் வரி, இருக்கைகள் எல்லா வயது மாணவருக்கும் பொருந்த வேண்டும் என்றது.

"அஞ்சு வயசுக்கு ஒரு உசரம், எழுபத்தொண்ணுக்கு ஒரு உசரம். ஆளுக்கொரு மாதிரி பெஞ்சு போட்டா சண்டைல்ல வரும்?" என்றார் வெள்ளைக்கண்ணு.

"நடுவுல முடிப்போம்" என்றார் உடையப்பன்.

தங்கப்பூ டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து வந்தாள். பூவிழி மூன்று அடி. சோணையா ஆறு அடி. நடுவில் நாலரை அடி.

"வயசையும் நடுவுல முடிங்க தலைவரே. கடுதாசி கேக்கறது வயசத்தான்" என்றார் மச்சக்காளை. ஐந்தும் எழுபத்தொன்றும் எழுபத்தாறு, அதில் பாதி முப்பத்தெட்டு. ஆக, நாலரை அடி உயரமும் முப்பத்தெட்டு வயதும் உள்ள ஓர் ஆளுக்குப் பொருந்தும்படி வெள்ளைக்கண்ணு பத்து பெஞ்சுகள் செய்தார். வேலை சுத்தமாக இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. கரும்பலகையையும் கழற்றி அதே ஆளின் கண்ணுக்கு நேராக மாட்டினார்கள்.

பூவிழியை உட்காரவைத்துப் பார்த்தார்கள். கால் தரையைத் தொடவில்லை. சோணையாவை உட்காரவைத்தார்கள். முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்துவிட்டன.

வெள்ளைக்கண்ணு பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "பெஞ்சுல குத்தம் ஒண்ணுமில்ல. ஆளுங்கதான் அளவுக்கு இல்ல" என்றார். மற்ற மூவரும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாவது வரி, சுவர்கள் குழந்தைகளோடு பேச வேண்டும் என்றது. இதற்கு அதிக விவாதம் நடக்கவில்லை. அந்த ஊரில் ஓயாமல் பேசக்கூடியவர் மச்சக்காளைதான். மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தார்கள். சுவரில் ஒரு துளையும் போட்டுக் கொடுத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளை உள்ளே அனுப்பிச் சோதனை செய்தார்கள்.

என்ன பேசுவது என்று மச்சக்காளைக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் பேசினார். "படியில நிக்காத, உள்ள போ, இன்னும் உள்ள போ, முன்னாடி எடம் காலியா இருக்குல்ல" என்றது சுவர். பிள்ளைகள் நகர்ந்து நகர்ந்து எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு மூச்சுவிட முடியாமல் நின்றார்கள். சுவர் சொன்னால் கேட்கிறார்களே என்று உடையப்பனுக்குப் பரம திருப்தி.

மூன்றாவது வரி, இயற்கையை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்றது. வெளியே மேற்குப் பக்கம் ஒரு வேப்பமரம் நின்றது. நால்வரும் போய் அதைச் சுற்றிக் கைகோத்து இழுத்துப் பார்த்தார்கள். மரம் வரவில்லை.

"வேர் விட்டுருச்சு. இனி அது வராது" என்றாள் தங்கப்பூ.

"அப்ப அறைதான் வெளிய வரணும். மேற்குச் சுவர எடுத்துட்டா மரம் உள்ள இருக்கிற கணக்குத்தான்" என்றார் வெள்ளைக்கண்ணு.

மச்சக்காளைக்கு முகம் சிவந்துவிட்டது. "அது நான் பேசற சுவரு. சர்வீஸ்ல இருக்கிற சுவர இடிக்கக்கூடாது."

நடுவில் முடித்தார்கள். சுவரின் மேல்பாதியை இடித்தார்கள், கீழ்ப்பாதியை விட்டார்கள். அதன் பிறகு மச்சக்காளை இடுப்புக்கு மேலே எல்லாருக்கும் தெரிந்தார். பிள்ளைகள் அவரையே பார்த்துச் சிரித்தார்கள். "என்னப் பாக்காதீங்க, நான் சுவரு" என்று அவர் அவ்வப்போது நினைவூட்ட வேண்டியிருந்தது.

நாலாவது வரி, வாசலில் நுழையும்போதே மாணவருக்கு வியப்பு உண்டாக வேண்டும் என்றது. கதவைச் செங்கல் வைத்துப் பூசி மூடினார்கள். சன்னலின் கம்பிகளை எடுத்துவிட்டு அதன் மேல் 'வாசல்' என்று பெயிண்டில் எழுதினார்கள். பார்த்தவர்கள் அத்தனை பேரும் வியந்தார்கள். பாதிச் சுவர் பக்கம் சும்மா காலைத் தூக்கிவைத்தாலே உள்ளே வந்துவிடலாம். ஆனால் அது வாசல் இல்லையே, அதனால் யாரும் அப்படி வரக்கூடாது என்று உடையப்பன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மிச்சம் இருந்தது அந்த இருபதாவது ஆள்.

"நமக்கு ஒரு ஆள் குறையுது. நம்மகிட்ட இருக்கிற பெஞ்சுக்கு ஒரு ஆளக் காணோம். ரெண்டும் ஒரே ஆளுதான்" என்றார் உடையப்பன். இவ்வளவு தெளிவாக அவர் அதற்கு முன் யோசித்ததில்லை. உடனே அலமாரியைத் திறந்து வருகைப் பதிவேட்டில் இருபதாவது வரியில் எழுதினார்: 'பெயர் பிறகு. உயரம் நாலரை அடி. வயது முப்பத்தெட்டு.' விடுமுறை நாள் என்றும் பாராமல் தினமும் காலையில் வந்து அதற்கு நேரே 'வரவில்லை' என்று குறித்தார். சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட வரவில்லையே என்று அவருக்கு வருத்தமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நால்வரும் ஆள் தேடிப் போனார்கள். தங்கப்பூ வருகிறவர் போகிறவரையெல்லாம் டேப் வைத்து அளந்தாள். வெற்றிலை விற்பவர் ஒருவர் அச்சாக நாலரை அடி இருந்தார். வயதைக் கேட்டார்கள். ஐம்பது என்றார்.

"பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி வந்திருக்கக்கூடாதா நீங்க?" என்று உடையப்பன் கடிந்துகொண்டார். அவரும் என்ன ஏது என்று தெரியாமல் மன்னிப்புக் கேட்டார்.

திங்கட்கிழமை காலை டீச்சர் வந்து இறங்கினார். கதவைத் தேடினார். சன்னலில் ஏறி உள்ளே குதித்தார். பெஞ்சையும் பாதிச் சுவரையும் சுவராக நின்ற மச்சக்காளையையும் பார்த்தார். பதிவேட்டைப் பிரித்து இருபதாவது வரியைப் படித்தார். இல்லாத ஆளைப் பதிவேட்டில் எழுதியது தெரிந்தால் பள்ளியை மூட வேறு காரணமே வேண்டாம்.

"அண்ணே, யாரைக் கேட்டு இத எழுதுனீங்க?"

"எழுதினா வந்துருவாருன்னுதான் டீச்சர்" என்றார் உடையப்பன்.

அதற்குள் பத்தொன்பது பேரும் சன்னல் வழியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வரியை அழிப்பதற்குள் ஜீப் சத்தம் கேட்டது.

அலுவலரின் பெயர் திலகவதி. குள்ளமானவர், கண்டிப்பானவர், அன்று அவர் பார்க்க வேண்டிய பள்ளிகள் நாலு. உடையப்பன் அவரை மரியாதையாகச் சன்னல் பக்கம் அழைத்துப் போய் "வாசல் இது தாயி" என்றார். டிரைவர் ஒரு முக்காலி போட்டார். அலுவலர் ஏறி, உள்ளே இறங்கி, சேலையில் பட்ட தூசியைத் தட்டிவிட்டுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். இருபதாவது வரியில் அவர் விரல் நின்றது.

"பேர் பிறகு. என்ன டீச்சர் இது? சேந்த நாள்லேருந்து ஆப்சென்ட். இல்லாத ஆள எழுதி ஸ்கூலக் காப்பாத்தலாம்னு பாத்தீங்களா?"

"தப்புதான் மேடம்" என்றார் டீச்சர். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "பத்தொம்பது பேருதான். இவங்க எல்லாரும் உண்மையிலேயே படிக்கிறவங்க. வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"நான் ரிப்போர்ட்ல எழுதித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டு, எழுதுவதற்காகப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார் அலுவலர்.

உட்கார்ந்தவர் எழுதவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தன. பதினாறு வருஷ வேலையில் எந்த அலுவலக நாற்காலியிலும் அவர் கால் தரையைத் தொட்டதில்லை. கூட்டங்களில் கால் தொங்குவது தெரியாமலிருக்க மேசைக்கு அடியில் பையை வைத்து அதன் மேல் பாதத்தை வைத்துக்கொள்வார். இதில் கை எட்டிய இடத்தில் எழுதும் பலகை, கண்ணுக்கு நேரே கரும்பலகை.

வெள்ளைக்கண்ணு உடையப்பனின் கையைப் பிடித்தார். தங்கப்பூ அனுமதி கேட்காமல் டேப்பை நீட்டி அளந்தாள்.

"நாலரை" என்றாள்.

"தாயிக்கு வயசு?" என்று மெதுவாகக் கேட்டார் உடையப்பன்.

"முப்பத்தெட்டு. ஏன்?"

"இத்தனை நாளா உங்களத்தான் தாயி தேடிக்கிட்டிருக்கோம்" என்ற உடையப்பன், பதிவேட்டை வாங்கிப் 'பெயர் பிறகு' என்பதை அடித்துவிட்டுத் திலகவதி என்று எழுதினார். அன்றைய தேதிக்கு நேரே 'வந்தார்' என்று போட்டார்.

அலுவலர் பதிவேட்டைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், மறுபடி தன் கால்களைப் பார்த்தார். கண்டிப்பானவர் என்பதால் பொய் எழுத அவருக்கு வராது. தலையை எண்ணினார். பிள்ளைகள் பதின்மூன்று, பெரியவர்கள் ஆறு, பெஞ்சில் ஒன்று. அறிக்கையில் எழுதினார்: 'பதிவேட்டில் இருபது. நேரில் இருபது. இருக்கை மிகவும் பொருத்தம். பள்ளி தொடரலாம்.' கையெழுத்தும் போட்டார். டீச்சர் சுவரில் சாய்ந்து அழுதார். சுவர் அவருக்கு ஆறுதல் சொன்னது.

பன்னிரண்டு மணிக்கு அலுவலர் எழுந்தார். அடுத்த பள்ளிக்குப் போக வேண்டும். உடையப்பன் சன்னலை மறித்து நின்றார்.

"பாதியில போகக்கூடாது தாயி. சுத்தறிக்கை இருக்கு" என்று, மீதமிருந்த பாதிச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். பள்ளி நேரத்தில் பெற்றோர் கையெழுத்தில்லாமல் எந்த மாணவரையும் வெளியே விடக்கூடாது என்று அதில் இருந்தது. கீழே திலகவதியின் கையெழுத்தே இருந்தது. தான் போட்ட உத்தரவைத் தானே மீறுவது எப்படி என்று யோசித்த அலுவலர், மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். அப்படியொன்றும் வருத்தமாக உட்கார்ந்ததாகத் தெரியவில்லை.

நால்வரும் ஜீப்பில் ஏறி டவுனுக்குப் போனார்கள். அலுவலரின் அப்பா ஈசிச்சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உடையப்பன் கைகட்டி நின்று, "உங்க பொண்ண ஸ்கூல்ல உக்காத்தி வச்சிருக்கோம். நீங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் விட முடியும்" என்றார்.

பெரியவர் பேப்பரை மடித்தார். சட்டையை மாட்டி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, மகள் பள்ளியில் படித்த காலத்துப் பழக்கத்தில், அலுத்துப்போன குரலில் சொன்னார்:

"இனிமே நடக்காமப் பாத்துக்கறேங்க. இந்தத் தடவ யாரக் கடிச்சா?"

"இன்னும் யாரையும் கடிக்கலீங்க" என்றார் உடையப்பன். "இன்னைக்குத்தானே சேந்திருக்கு."